ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

1 ஜனவரி 2025, புதன்

இன்று எனக்குப் பிறந்தநாள். காகிதத்தில். அம்மா என்னைப் பெற்றது ஒரு ஐப்பசி மாதம். லண்டனுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன், "கேட்டால் ஜனவரி ஒண்டெண்டு சொல்லு, பயத்தில மறந்துபோகாது" என்றான். சொன்னேன். அவன் எல்லோருக்கும் அதையே சொல்லிவிட்டிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தத் தோர்ண்டன் ஹீத்தில் மட்டும் இன்று கேக் வெட்டுகிற தமிழர்களைச் சேர்த்தால் ஒரு மாடி பஸ் நிறையும்.

மகள் கம்சிகா ஒரு சின்னப் பெட்டி தந்தாள். டி.என்.ஏ. சோதனையாம். குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் நம் சொந்தக்காரர் யார் யார் என்று கண்டுபிடித்துச் சொல்வார்களாம்.

"அப்பா, இதுக்குள்ள துப்ப வேணும்."

ரோட்டில் துப்பினால் முகத்தைச் சுழிக்கிற பிள்ளை.

சிவகௌரி அடுப்படியில் இருந்தபடி, "என்னத்துக்குப் பிள்ளை உது? கொப்பருக்குத் தன்ர தேப்பன் ஆரெண்டு தெரியாதோ?" என்றாள். மனைவி என்றால் இப்படி உற்சாகப்படுத்த வேண்டும்.

5 ஜனவரி, ஞாயிறு

துப்புவதற்கு முன் அரை மணித்தியாலம் ஒன்றும் குடிக்கக் கூடாதாம். தேத்தண்ணி இல்லாமல் என் வாய் பாலைவனம். குழாயில் கால்வாசிகூட ஏறவில்லை. அப்போது சிவகௌரி வடை சுடத் தொடங்கினாள். வாசம் வந்தது. குழாய் நிறைந்தது.

19 ஜனவரி, ஞாயிறு

முடிவு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று போன கிழமை இணையத்தில் குடும்ப மரம் போடத் தொடங்கினேன். வெள்ளைக்காரருக்காகச் செய்த தளம். முதல் கேள்வியே குடும்பப் பெயர். என் கடைசிப் பெயர் கந்தப்பு, அது அப்பாவின் பெயர். அப்பாவின் கடைசிப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். கம்சிகாவின் கடைசிப் பெயர் வாமதேவன், அது நான். தளத்தின் கணக்கில் நாங்கள் ஆளுக்கொரு குடும்பம்.

கந்தப்பு என்று தேடினேன். பினாங்கில் புகையிரதப் பகுதியில் வேலை செய்து இறந்த ஒரு கந்தப்புவைக் காட்டி, உங்கள் உறவோ என்று கேட்டது. ஓம் என்று அமத்தினேன். ஒரு கிழமையாக என்னிடம் கார் பழக வந்த எல்லோருக்கும் எங்கள் மலாயாச் சொத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இன்றுதான் கம்சிகா பார்த்தாள். அந்த மனிதருக்குப் பிள்ளையே இல்லை.

இன்னொரு சிக்கல். அப்பா அம்மாவைக் கட்டினார். பல வருடம் கழித்து அம்மாவின் தம்பி யோகராஜா மாமா, அப்பாவின் தங்கை லலிதா மாமியைக் கட்டினார். மாற்றுச் சம்பந்தம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் மரத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்ட, "பிழை இருக்கலாம், சரிபார்க்கவும்" என்று சிவப்பில் வந்தது. என் பரம்பரையே பிழையாம்.

மாமா, மாமி, அவர்களுடைய குழந்தை கௌசி, மூவருக்கும் இறந்த ஆண்டு 1990 என்று போட்டேன். மன்னாரில் இருந்து இந்தியாவுக்கு வெளிக்கிட்ட படகு. கரை சேரவில்லை. கௌசி அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

27 பெப்ரவரி, வியாழன்

முடிவு வந்துவிட்டது. நான் தென்னாசியக்காரனாம். கண்ணாடி இதை இலவசமாகச் சொல்லும்.

கீழே சொந்தக்காரர் பட்டியல். முதலாவது பெயர்: றூபினி. கேள்விப்படாத பெயர். இருபத்தைந்து வீதம் ஒற்றுமை. "தாய் அல்லது தகப்பன் ஒருவர் மட்டும் பொதுவான சகோதரி, அல்லது அதற்கு நிகரான உறவு."

அம்மா எங்களை விட்டு ஓரிரவுகூட எங்கும் தங்கினதில்லை.

அப்ப அப்பாவோ?

1 மார்ச், சனி

அந்தப் பிள்ளையே தளத்தில் எழுதியிருக்கிறாள். "நான் ஸ்ட்ரெதமில இருக்கிறன். பிறந்தது தொண்ணூற்றொண்டு. என்னை வளர்த்த அம்மா போன வருசம் பாரிஸில கண்ணை மூட முந்தித்தான் சொன்னவ, நான் அவ பெத்த பிள்ளை இல்லையாம். மன்னார்ச் சனத்தோட இந்தியாக் கரையில நிண்ட பிள்ளையாம். நீங்கள் எனக்கு அண்ணையோ? எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். என்ர அம்மான்ர பேர் தெரிஞ்சால் காணும்."

மன்னார்.

அப்பா மன்னாருக்கு ஓயாமல் போய்வருவார். தங்கச்சியைப் பார்க்க என்பார். மாமாவுக்கு அங்கேதான் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஒருமுறை யாழ்ப்பாண ரவுனில் குழந்தைச் சட்டை வாங்கினார். நானும் கூடப் போனேன். ஒரே மாதிரி இரண்டு சட்டை. கௌசிக்கு என்றார்.

ஒரு குழந்தைக்கு ஏன் ஒரே மாதிரி இரண்டு?

2 மார்ச், ஞாயிறு

சாமியறையில் அப்பாவின் படத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்வேன்.

4 மார்ச், செவ்வாய்

என்னிடம் கார் பழகுகிற மேர்வினுக்கு ரவுண்டபவுட் பழக்கினேன். சுற்றினோம். மறுபடி சுற்றினோம். "அண்ணை, எந்த வழியால வெளிய போறது எண்டு சொல்லுவியளோ, இல்லாட்டி இதுக்குள்ளதான் குடியிருக்கிறதோ?" என்றான்.

தம்பி, தெரிந்தால் நான் போகமாட்டேனோ?

9 மார்ச், ஞாயிறு

ஹரோவுக்கு, கூடப்பிறந்த நகுலாக்காவிடம் போனேன். முழுப்பெயர் நகுலேஸ்வரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லாம் தெரிந்தவர். கேட்டுவிடுவது என்று ரயிலில் பேச்செல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன்.

"அக்கா, அப்பா ஏன் அந்த நேரம் அவ்வளவு மன்னாருக்குப் போனவர்?"

"மாமியைப் பாக்கத்தான். ஏன்ரா?"

"சும்மா."

"சும்மா கேக்கிற முகமோ இது? கொழுப்பு கூடிட்டுதோ, டொக்டரிட்டப் போனனியோ?"

பேச்சு எல்லாம் மறந்துபோனது. அக்கா ஆவணியில் வருகிற திவசத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மாமாவுக்கும் மாமிக்கும் கௌசிக்கும் ஒவ்வொரு வருடமும் மூன்று இலை போட்டுப் படைப்பவர் அவர். கௌசியின் இலையில் உறைப்பில்லாத கறிதான் வைப்பார். அப்படிப்பட்டவரிடம் போய் அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததோ என்று எப்படிக் கேட்பது?

ஒரு பெட்டி கத்தரிக்காய்க் குழம்போடு திரும்பிவந்தேன். போன காரியம் அதுதான் போல.

15 மார்ச், சனி

சிவகௌரியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"உங்கட அப்பாவோ? சந்தையில மீன்காரியிட்ட விலை கேக்க வெக்கப்பட்டு வெறும்பையோட வாற மனுசனோ? உங்களுக்கு மண்டை பழுதாப்போச்சு."

"மெஷின் சொல்லுது."

"மெஷின் உங்களை மலாயாக்காரன் எண்டும் சொன்னது." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அது என்னவோ இருக்கட்டும். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? ரெண்டு கிழமையாப் பதில் இல்லாமல் இருக்கிறாள். அண்ணையெண்டா அண்ணை. எழுதுங்கோ."

எழுதினேன். "தங்கச்சி, நான் அண்ணையாகத்தான் இருக்க வேணும். அம்மாவின்ர பேர் எனக்குத் தெரியாது. தேடித் தாறன்." போனுக்கும் வட்ஸ்அப்புக்கும் நம்பர் கொடுத்தேன்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "நன்றி அண்ணை."

அண்ணை. இவ்வளவு காலமும் வீட்டில் கடைக்குட்டியாக இருந்தவன் நான். ஐம்பத்திரண்டு வயதில் பதவி உயர்வு.

22 மார்ச், சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

அம்மாவின் பெயரைத் தேடித் தா என்று கம்சிகாவைப் பிடித்து இருத்தினேன். அவள் எனக்கும் றூபினிக்கும் பொதுவான சொந்தக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்பா, ரொறன்ரோ பிரவின் மாமா ஆர்?" என்றாள். நான் அவளுக்கு அப்பா என்றால் பிரவின் சித்தப்பா, மாமா இல்லை, இதை எத்தனை முறை சொல்வது? என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையின் மகன்.

"அவர் றூபினிக்கும் சொந்தமாம். றூபினி உங்கட அப்பாவின்ர பிள்ளையெண்டா, அப்பம்மா பக்கத்து ஆள் எப்பிடி அவவுக்குச் சொந்தம்?"

அது எனக்கு எப்படித் தெரியும்? ஓ.எல். விஞ்ஞானத்தில் எனக்கு மயிரிழையில் பாஸ்.

அவள் என் மரத்தைத் திறந்தாள். சிவப்பு எழுத்து வந்தது. பிழை இருக்கலாம். வெட்டிக்கொள்கிற இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இவை ரெண்டு சோடியும் மாறிக் கட்டினவையோ?"

"ஓம். அதில என்ன?"

"அப்ப இந்த மாமா மாமியின்ர பிள்ளைக்கும் உங்களுக்கும் ரெண்டு பக்கத் தாத்தா பாட்டியும் ஒரே ஆக்கள்தானே. சும்மா மச்சாள் எண்டால் அரைவாசிதான் வரும். இது டபுள். மெஷினுக்கு அது பாதிச் சகோதரி மாதிரித்தான் தெரியும்."

"அந்தப் பிள்ளை தொண்ணூறில கடலில போயிட்டுது அம்மா. இவள் பிறந்தது தொண்ணூற்றொண்டு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து எழுதினேன். "தங்கச்சி, உங்கட பிறந்தநாள் எத்தினையாம் திகதி?"

பதில்: "ஜனவரி ஒண்டு அண்ணை. வளர்த்த அம்மா பிறகு பேப்பருக்காக வருசத்தையும் சேர்த்துக் குத்துமதிப்பாப் போட்டது. ஏன்?"

ஐயோ. எத்தனை வருசமா அதே திகதியில கேக் வெட்டுறவன் நான்! காகிதத்துத் திகதிக்கும் பிறந்த திகதிக்கும் சம்பந்தமில்லை எண்டு எனக்குத் தெரியாமல் வேற ஆருக்குத் தெரியும்? என்ர திகதி பொய்யெண்டு தெரியும், அவளின்ர திகதியை மட்டும் ஏன் நம்பினனான்? அப்பாவைச் சந்தேகப்பட்டன், ஒரு ஜனவரி ஒண்டைச் சந்தேகப்படேல்லை!

கரையில் நின்ற பிள்ளை. நடக்கத் தெரிந்த பிள்ளை. எந்தப் படகோ கடலில் இருந்து தூக்கியிருக்கிறது.

கௌசி.

23 மார்ச், ஞாயிறு

ஊருக்கெல்லாம் கார் பழக்குகிறவன், இன்று என்னை நம்பிக் காரை எடுக்கவில்லை. 250ஆம் நம்பர் பஸ்ஸில் ஸ்ட்ரெதமுக்குப் போனேன். ஹை ரோட்டில் றூபினி வேலை செய்கிற கடை. புருவத்துக்கு நூல் போடுகிற இடம். ஞாயிறும் திறந்திருக்கும் என்று சொல்லியிருந்தாள்.

ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சாய்ந்து படுத்திருந்தார். அவருக்கு மேலே குனிந்து, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி நின்றாள். லலிதா மாமியின் நெற்றி. அப்படியே.

இருந்து, தண்ணி குடித்து, மெல்ல மெல்லச் சொல்வதாகத்தான் திட்டம். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"நான் அண்ணை இல்லை அம்மா. மச்சான். உம்மட அம்மான்ர பேர் லலிதா. அப்பா யோகராஜா. உம்மைக் கௌசி எண்டு கூப்பிட்டவை."

பல்லில் நூல். அவளால் பேச முடியவில்லை. நூலை விடவும் இல்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. படுத்திருந்த பெண்மணி ஒரு கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தார். அவருக்கு ஒரு புருவம் முடிந்திருந்தது, மற்றது காடு. அவர் எழும்பி, றூபினியைத் தன் கதிரையில் இருத்தினார். என்ன நடக்கிறது என்று கேட்கவேயில்லை.

"லலிதா," என்று றூபினி சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அவ எப்பிடிச் சிரிப்பா?"

எனக்குத் தெரியும். சொன்னேன்.

24 மார்ச், திங்கள்

அக்காவுக்குப் போனில் சொன்னேன். அவருடைய முதல் கேள்வி: "சாப்பிடுறாளோ? மெலிவோ?"

27 ஏப்ரல், ஞாயிறு

அக்காவும் துப்பினார். அவருக்கும் றூபினிக்கும் அதே இருபத்தைந்து வீதம். பிரவினின் அம்மாவும் கனடாவில் துப்பி, அங்கேயும் சரி. இனி ஒரு சந்தேகமும் இல்லை.

இன்று எல்லோரும் ஹரோவில். அக்கா றூபினியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே, மறு கையால் என் முதுகில் ஒன்று போட்டார்.

"அப்பாவைப் பற்றி அப்பிடி நினைக்க உனக்கு மனம் எப்பிடியடா வந்தது?"

"ஒரே மாதிரி ரெண்டு சட்டை வாங்கினவர் அக்கா."

"மடையா, ஒண்டு தோய்க்க, ஒண்டு போட! மாமி அந்த நிறத்தைத் தவிர வேற போடவிடமாட்டா."

இரண்டு மாதமாக என்னைத் தின்ற கேள்விக்கு அவ்வளவுதான் பதில். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் படத்துக்குப் புது மாலை. அவர் என்னைப் பார்த்தார்.

அங்கே ஹரோவில், றூபினி பழக்கதோஷத்தில் என்னை அண்ணை என்றாள். அக்கா திருத்தினார்: "அத்தான் எண்டு சொல்லு பிள்ளை. அவன் உனக்கு முறை மச்சான்." சிவகௌரி அகப்பையோடு அடுப்படியில் இருந்து எட்டிப்பார்த்தாள்.

"தங்கச்சி எண்டு சொல்லித்தானே நான் பதில் எழுதச் சொன்னனான்? இப்ப மச்சாளைக் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறார்!"

றூபினி சிரித்தாள். அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார். அந்தச் சிரிப்பு எங்கள் இருவருக்கும் தெரிந்த சிரிப்பு.

24 ஓகஸ்ட், ஞாயிறு

மாமா மாமியின் திதி வியாழக்கிழமை. ஆனால் லண்டனில் திதியும் லீவு பார்த்துத்தான் வரும். எல்லோரும் ஹரோவில்.

அக்கா கை பழகியபடி மூன்று இலை நறுக்கிவிட்டார். மாமாவுக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் அப்படியே நின்றார். கம்சிகாகூடப் போனைக் கீழே வைத்தாள்.

பிறகு அக்கா அந்த இலையைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் விரித்துத் தண்ணீர் தெளித்தார். படையல் முடிந்ததும் றூபினியை அதன் முன்னால் இருத்தினார். வழக்கம்போல உறைப்பில்லாத கறியைத்தான் முதலில் வைத்தார்.

"மச்சாள், உறைப்புக் காணாது," என்றாள் றூபினி. "அந்தக் கத்தரிக்காய்க் குழம்பில கொஞ்சம் விடுங்கோ."

அக்கா சட்டியோடு கொண்டுவந்தார்.