விறகு வெட்டிய காயம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வலி குறைந்திருக்கிறதா? நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் அம்மா கொண்டுவரும் சோற்றுக் கூடையில் இதை வைக்கிறேன்.

லயத்து வீட்டில் விறகு வெட்டும்போது கோடரி பட்டு விரல் போனதாகச் சொன்னீர்கள். நானும் நம்பினேன். நேற்று டிக்கோயா ஆஸ்பத்திரியில், முதல் நாள் உங்கள் காயத்தைக் கழுவிய நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். "புண்ணுக்குள்ள அரைச்ச தேயிலக் கொழுந்து கெடந்துச்சு. வெறகுல ஏதும்மா கொழுந்து?" என்றார்.

போன மாதம் பாதுகாப்பு அதிகாரியாக உங்கள் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷின்களைச் சோதிக்க வந்தேன். அத்தனை ஆண்களுக்கு நடுவே குனிந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. "மூடியெல்லாம் சரியா இருக்கு, எழுதிக்க புள்ள" என்றீர்கள். பார்க்காமலேயே சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். நேற்று மாலை போய்க் குனிந்து பார்த்தேன். மூடியே இல்லை.

பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்தைக் காப்பாற்றத்தான் கோடரிமேல் பழி போட்டீர்களா?

ஃபெக்டரி வாசலில் உள்ள பலகையில் நேற்று விபத்தில்லாத நாட்கள் 299 என்று இருந்தது. இன்று முந்நூறு. அதைக் கொண்டாடக் கேக்கும் வந்துவிட்டது. "வீட்டுல நடந்தது நம்ம கணக்குல வராது மிஸ்" என்று மேனேஜர் துரை சிரித்தார். காலையில் எல்லோரும் பார்க்கப் பலகையில் இருந்த எண்ணை அழித்துப் பூச்சியம் எழுதினேன்.

உங்களிடம் விசாரிக்க வருவார்கள். மெஷினில்தான் விரல் போனது என்று சொல்லுங்கள். "ஒங்க மக மூடியப் பாத்தாளா?" என்றும் கேட்பார்கள். பார்க்கவில்லை என்று சொல்லுங்கள், அப்பா.

கேக் சாப்பிடாத,
உங்கள் மகள்