படத்துக்குப் பக்கத்தில் அட்டை இல்லை

இல்லை, போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் விரல்களில் அந்த வாடை நிற்கிறது. உப்பும் பாசியும் கலந்த, மீன் என்றும் சொல்ல முடியாத வாடை. மதியம் கேன்டீனில் பக்கத்தில் இருந்தவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். போகட்டும்.

இன்று காலை ஒரு கடல் அட்டை தன் குடலை வெளியே தள்ளிவிட்டது.

காரணம் கேட்டால் சிரிப்பாய். நேற்று காவிரித் தண்ணீர் வரவில்லை. யாரோ டேங்கர் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஆய்வகத் தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள். உப்பின் அளவு கருவியில் சரியாகத்தான் காட்டியது. டேங்கரில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். அதில் வேறு என்னென்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. கடலே இல்லாத பெங்களூரில் கடல் செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

நாம் முதல்முறை கடல் செய்தது நினைவிருக்கிறது. பிளாஸ்டிக் பீப்பாய். உப்பு மூட்டை. குழாயில் காவிரி. நீ கோலால் கலக்கிக்கொண்டே சொன்னாய்: "தமிழ்நாட்டுக்குத் தர மாட்டேங்கிறாங்க. அட்டைக்குத் தர்றாங்க பாருடி."

நம்மோடு ஆய்வு செய்த கன்னடத் தோழி விடவில்லை. "அது இங்கயே செட்டில் ஆயிடுச்சு. உங்க மாதிரி."

"நாங்க தங்கம் தோண்ட வந்தோம். இது சும்மா வந்து படுத்திருக்கு."

உன் ஊரான கோலார் தங்கவயலைப் பற்றி நீ பேசியதெல்லாம் இப்படித்தான். ஒரு வரி, ஒரு குத்து. அதற்கு மேல் கிடையாது.

தொட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு நீ வைத்திருந்த விளக்கமும் அப்படியே. "கடல் அட்டை ரத்தம் குடிக்காது, பயப்படாதீங்க. வெள்ளரிக்கா மாதிரி கிடக்கும். மணலைத் தின்னும். பின்பக்கமா மூச்சு விடும். தொந்தரவு பண்ணா, அதே பக்கமா குடலை வெளிய தள்ளிடும். கைடோட மெயில் வந்தா எனக்கும் அப்படித்தான் இருக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு நீ குரலைத் தாழ்த்துவாய். குடல் போன பிறகு உள்ளே மிஞ்சுவது ஒரு மெல்லிய சவ்வு. குடலை உடற்சுவரோடு பிடித்துவைத்திருந்த சவ்வு. அதன் கிழிந்த விளிம்பு தடிக்கும். அங்கிருந்துதான் புதுக் குடல் தொடங்கும். வாய்ப்பக்கமிருந்து ஒரு குழாய், பின்பக்கமிருந்து ஒரு குழாய். இரண்டும் அந்த விளிம்போடு நீண்டு நடுவில் சந்திக்கும். அதுவரை தீனி இல்லை. தன்னையே கரைத்துக்கொண்டு, சிறுத்துக் கிடக்கும்.

"எப்படித் தெரியும் அதுக்கு, எங்க சந்திக்கணும்னு?" இந்த ஒரு கேள்விக்காக நீ இத்தனை வருடம் உப்பு கலக்கினாய்.

பிறகு உன் வயிற்றில் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது. சிறுகுடலின் பெரும்பகுதி கறுத்துப்போனது. வெட்டினார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு குழாய் பொருத்தி, ரத்தத்தில் நேராக உணவு.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வரியைக் கொண்டுவந்தார்கள். ஆப்பிளும் அந்த வரியும். "உனக்குத் தெரியாததா? குடல் எப்படி வளருதுன்னு நீதானே எங்களுக்கே சொல்லிக்குடுத்த." நீ ஆப்பிளைக் காட்டி, "இதைத் திங்க முடியாது, அதைக் கேக்க முடியாது" என்றாய். அவர்கள் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.

"என் சவ்வையும் சேத்துதான் வெட்டினாங்க. விட்டிருந்தாலும் ஒண்ணும் முளைச்சிருக்காது. நான் மனுஷிடி."

"தெரியும்."

"நான் செத்தா படத்துக்குப் பக்கத்துல அட்டையைக் கொண்டாந்து வைப்பானுங்க. வைக்க விடாத."

"சாகறதைப் பத்திப் பேசாத."

"பேச்சை மாத்தாத. வைக்க விடாத."

சரி என்றேன். உணவு போன குழாய் வழியாகவே கிருமியும் போனது.

இன்று உனக்கு அஞ்சலிக் கூட்டம். காலையில் நான் கையுறை கிழிந்தது தெரியாமல் அந்தக் குடலை அள்ளிக்கொண்டிருந்தேன். துறைத் தலைவர் தொட்டி அறைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். உன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீடு வீடாகப் போய்க் கேட்டவர். கண் சிவந்திருந்தது.

"இன்னைக்கே ஆச்சு பாரு. எவ்வளவு பொருத்தம். கண்ணாடித் தொட்டில வச்சு மேடைக்குக் கொண்டு வந்துடும்மா. அவ போட்டோ பக்கத்துல. ஸ்வல்ப ஹோப், கொஞ்சம் நம்பிக்கை இருக்கட்டும்."

"நகர்த்தினா செத்துடும் சார்."

"அப்ப நல்லா இருக்கிற ஒண்ணு."

"அதுவும் முடியாது சார். அவ வேண்டாம்னு சொல்லியிருக்கா."

"எப்ப சொன்னா?"

"ஆஸ்பத்திரில."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன். அரங்கில் உன் படம், மாலை, குத்துவிளக்கு. பக்கத்தில் நீலத்துணி விரித்த ஒரு ஸ்டூல். காலியாக. நான் மனம் மாறி அட்டையைக் கொண்டுவருவேன் என்று காத்திருந்தது.

நான் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

சங்கடமாக இருந்தது. எழவில்லை. என்னைப் பேச அழைத்தபோதும் எழவில்லை. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சொன்னேன்: "அவளுக்குக் குடலை வெட்டினார்கள். அது வளரவில்லை. மனிதருக்கு வளராது என்று இந்த அறையில் எல்லோரையும் விட அவளுக்கு நன்றாகத் தெரியும். நம்பிக்கைக்காக அவள் அட்டையைப் பார்க்கவில்லை. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள். அவளைக் கதை ஆக்காதீர்கள்."

யாரோ இருமினார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரை மடித்து வைத்துவிட்டு உன் கையெழுத்து எவ்வளவு மோசம் என்று பேசினார்.

கூட்டம் முடிந்ததும் உன் அம்மா என் முழங்கையைப் பிடித்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அதுக்கு நெசமாவே வளருதா கண்ணு? சும்மா சொல்றாங்களோன்னு நெனச்சேன்."

"வளருதும்மா."

"காட்டு."

கூட்டிப்போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினார். வேண்டாம்மா, தரை ஈரம் என்றேன். கேட்கவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தார். அது தொட்டியின் மூலையில் சுருங்கிக் கிடந்தது.

"இப்ப உள்ள ஒண்ணுமே இல்லியா?"

"குடல் இல்லம்மா."

"இவளுக்கு ஏன் வளரல?"

"மனுஷங்களுக்கு வளராதும்மா. ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியல."

அவர் நிமிர்ந்தார். அழவில்லை. குரலில் கோபம்தான். "தெரியலன்னா பாக்க வேண்டியதுதானே? தினம் கூட்டம் போட்டுட்டு இருந்தா?"

உன் குரல். அதே குத்து. எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

நேரம் ஆற்றும் என்கிறார்கள். நீ இருந்த இடம் கிழிந்தே இருக்கிறது. விளிம்பு தடிக்கவில்லை. அங்கே வேறெதுவும் முளைக்க வேண்டாம். எனக்கு அது அப்படியே வேண்டும். ஆறுதல் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நீ ஆப்பிளைக் காட்டியது போலக் காட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பிடிவாதம் உன்னுடையது. இப்போது என்னிடம் இருக்கிறது. கூடவே அந்த ஒரு கேள்வி. எங்கே சந்திக்க வேண்டும் என்று அந்த இரண்டு குழாய்களுக்கும் எப்படித் தெரிகிறது?

உன் அம்மாவைத் தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலில் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து, குழாயில் வந்திருந்த காவிரியில் உப்பு கலக்கி, தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினேன்.