05/06 அன்று கதவைத் திறந்தவர்

22/4

பத்தொன்பது வருஷமாக பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட்டுக்குத் தேதி அடிக்கிறேன். பட்டப்பெயர் 'காலாவதி அக்கா'. எனக்கு எந்தத் தேதி அடித்து அனுப்பினார்களோ, கழுத்துக்குப் பின்னால் இருந்தால் தெரியவா போகிறது?

இன்று அக்காவிடமிருந்து ஒரு அட்டை. ஆறு வருஷத்துக்குப் பிறகு!

"அந்தப் பக்கம் ஒரு வேலையாக வருகிறேன். 05/06 மதியம் உன் வாசலில் நிற்பேன். கதவு திறந்தால் உள்ளே வருவேன். திறக்காவிட்டால் இனி வரவே மாட்டேன். இப்படிக்கு, உன் அக்கா (இன்னும்)."

சண்டை எதற்கு? நான் வைத்த சூப் தண்ணியாக இருக்கிறது, கை கழுவலாம் என்றாள். நீ கழுவினால் சூப்தான் கெட்டுப்போகும் என்றேன். அவ்வளவுதான். அதற்கு ஆறு வருஷம்.

23/4

05/06. மே ஆறா, ஜூன் ஐந்தா?

வீட்டுக்காரர் சொன்னார்: "ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுது."

"யார் முதல்ல போன் போடறதுங்கறதுதாங்க ஆறு வருஷமா சண்டையே!"

இதில் நிபுணி நான் அல்லவா? உள்ளூர் பெட்டிக்கு நாள் முதலில், அக்கா இருக்கும் நாட்டுக்குப் போகும் பெட்டிக்கு மாதம் முதலில். தினமும் இரண்டையும் அடிக்கிற கை. அவள் அங்கே போய் இருபத்துநாலு வருஷம். அவர்கள் வழக்கப்படிதான் எழுதுவாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட எனக்கு விட்டுத்தராதவள், தேதியிலா விட்டுத்தரப் போகிறாள்?

ஆகவே மே ஆறு. தீர்ப்பு முடிந்தது.

6/5

லீவு போட்டேன். ஸ்பூனை நட்டால் நிற்கிற மாதிரி சூப். பதினோரு மணியிலிருந்து ஜன்னலே கதி. தபால்காரர் வந்தார், குழாய் ரிப்பேர்காரர் வீடு மாறி வந்தார். இரண்டு பேரையும் பல்லைக் காட்டி வரவேற்றேன். பயந்துபோனார்கள்.

ஆறு மணிக்கு வீட்டுக்காரர் மெதுவாக, "சூப்பை ஒரு துண்டு வெட்டித் தரியா?" என்றார்.

7/5

வரலை. போகட்டும். எனக்கென்ன.

9/5

எனக்கென்ன என்று எழுதி இரண்டு நாளாகிறது. இன்னும் என்னவோ செய்துகொண்டேதான் இருக்கிறது.

28/5

ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் பேசியாயிற்று. ஜூன் நாலாம் தேதி ஆரம்பம். நிறம்? பச்சை. அக்காவுக்கு ஆகவே ஆகாத அந்தப் பாசிப் பச்சை. அவள் பார்க்கவே போவதில்லை என்பது வேறு விஷயம். என் பழிவாங்கலெல்லாம் இந்த லட்சணம்தான்.

5/6

காலையில் உள்ளூர் பெட்டிக்கு 'தயாரித்த நாள்' அடிக்க எண்களைத் திருப்பினேன். 05/06. முந்நூறு பாக்கெட் போன பிறகுதான் கை நின்றது.

ஐயோ. ஒருவேளை அவள் நம்ம வழக்கப்படி எழுதியிருந்தா?

அப்படியே ஓடினேன். சூப்பர்வைசர் கத்தினார்: "எங்கேம்மா ஓடறீங்க?"

"காலாவதி ஆயிடப் போகுது சார்!"

"எந்த பேட்ச்?"

பதில் சொல்ல நேரமில்லை.

வீட்டுக்கு வரும்போது ரெண்டு மணி. கதவு விரியத் திறந்திருக்கிறது. உள்ளே பெயிண்டர் ஏணிமேல். கீழே முக்காலியில், தலையில் செய்தித்தாள் தொப்பியோடு, மூக்கில் பச்சைப் பொட்டோடு — அக்கா.

பெயிண்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்போ இவங்க யாரு?"

ரேடியோச் சத்தத்தில் பெயிண்டருக்கு வாசல் மணி கேட்கவில்லையாம். மூன்று தடவை அடித்துவிட்டு, சரி அவ்வளவுதான் என்று அக்கா திரும்பிவிட்டாளாம். வாளியைக் கொட்ட வெளியே வந்தவர், எங்கள் இருவருக்கும் ஒரே முகஜாடை என்பதால் நான் என்றே நினைத்து, "எங்கம்மா போறீங்க? ரெண்டாவது கோட் இதே பச்சைதானா, சொல்லிட்டுப் போங்க" என்று அதட்டியிருக்கிறார். பச்சை என்று காதில் விழுந்ததும் இவள் உள்ளே பாய்ந்துவிட்டாள்.

"ஏண்டி, உனக்குப் புரியணுமேன்னு உங்க ஊர் மாதிரி நாளை முதல்ல எழுதினேன். நீ என்னன்னா வேலைக்குப் போயிட்டே!"

"உனக்காக உங்க ஊர் மாதிரி படிச்சு, போன மாசமே சூப் வெச்சுக் காத்திருந்தேன்டி!"

இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தோம். அதுவும் ஒரே சமயத்தில்.

அவள் மூக்கிலிருந்த பச்சையைத் துடைத்தாள். பிறகு, "சூப் கெட்டியா இருந்துதா?" என்றாள். மூக்கை உறிஞ்சினேன். பெயிண்ட் வாடை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் ஆறு

ஒரு நாள்கூடத் தங்க முடியாது என்றவள் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டாள். ஹாலில் மூன்று சுவர் அவள் சொன்ன வெள்ளை. ஒரு சுவர் பச்சை. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நவம்பர் பதினொன்று

அக்காவின் அட்டை: "அடுத்த வருஷம் ஏப்ரல் மாதம், பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, மதியம் வருகிறேன். சந்தேகம் இருந்தால் பெயிண்டரைக் கேள்."

போனை எடுத்து நானே போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.