கேப்டன் பேர் வேண்டாம்

கோவக்காரி,

அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல. சூப் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக் குடி.

நம்ம குட்டிப் பயலுக்கு நான் டிவில விடாம பாக்குற விண்வெளித் தொடர்ல வர்ற கேப்டன் பேரைத்தான் வைக்கணும்னு நேத்து மல்லுக்கு நின்னேன். "பெத்த புள்ள முகம்கூடப் பாக்காம சுத்துறவன் பேரு எதுக்கு?"ன்னு கேட்ட. நானும் கேப்டனுக்காக வாதாடினேன். இப்ப லாரி சாவிய எடுக்கறப்பதான் உறைக்குது, நீ சொன்னது என்னை.

மேனேஜருக்கு மெசேஜ் போட்டுட்டேன்: இதோட வெளியூர் ஓட்டம் போதும், உள்ளூர் வண்டி குடுங்கன்னு. பேரு உன் இஷ்டம்.

பி.கு.: கேப்டன் பேர நம்ம பூனைக்கு வச்சுடலாமா? அதுதான் வீடு தங்குறதே இல்ல.

இன்னொண்ணு: பயல் முழிச்சா, அப்பா வந்துடுவான்னு சொல்லு.