கரடி கொடுத்த வாக்கு

மார்ச் 17, திங்கட்கிழமை
காலை மணி 10.20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. உங்கள் கப்பல் 21ஆம் தேதி, வெள்ளிக்கிழமை துறைமுகம் சேரும், மறுநாள் நீங்கள் வீடு வந்துவிடலாம் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். நீங்கள் இறங்குமுன் இதை உங்கள் கையில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசிய இரண்டு முறையும் குழந்தை என் மடியில் இருந்ததால் எதையும் முழுதாகச் சொல்ல இயலவில்லை.

முதலில் ஒரு திருத்தம். சுரங்கப்பாதை இடிந்தது 5ஆம் தேதி என்று சொல்லிவிட்டேன். 4ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.10. அளவெடுக்க உள்ளே போன ஏழு பேரில், என் மகளைத் தவிர மற்ற ஆறு பேரும் அன்றே வெளியே வந்துவிட்டார்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் அவள் விஷயத்தில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். 5ஆம் தேதி காலை எதையும் சாப்பிடமாட்டேன் என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். நான் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, கார்ட்டூனில் வரும் கரடித் தலைவனின் குரலில் பேசினேன். பதினோரு ஆண்டுகளாக அந்தக் கரடிக்கு நான்தான் குரல் என்பது அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். கரடியும் நீர்நாயும் அணிலும் யாரையாவது மீட்கப் புறப்படும்போது சொல்லும் வசனம்தான்: “கிளம்பிட்டோம். இருக்கிற இடத்தை விட்டு அசையாதே.” அதோடு, அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவோம் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு சொல் பேசியவனல்லன் நான். அவள் ஒரு தம்ளர் பால் குடித்தாள்.

மறுநாள் மீட்பு நாய்கள் வந்து இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்து, “எங்க கரடி அனுப்பின ஆளுங்க” என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் சட்டென்று உள்ளே போய்விட்டார். பிறகு குழந்தை என்னிடம் வந்து, “அம்மாகிட்டயும் சொல்லச் சொல்லு தாத்தா, அசைய வேணாம்னு” என்றாள்.

8ஆம் தேதி, சனிக்கிழமை நான் சுரங்கப்பாதைக்குப் போயிருந்தேன். ஒரு பழுப்பு நாய் கற்குவியலின் இடது ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை நடத்தி வந்தவர், “உயிர் இருந்தா குரைக்கும்யா. இது படுத்துக்கிச்சு” என்றார். இன்னொரு முறை விட்டுப் பாருங்கள் என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் இரண்டு முறை விட்டார். இரண்டு முறையும் அதே இடத்தில்தான் படுத்தது.

15ஆம் தேதி மாலை அந்த இடம் வரை தோண்டி முடித்தார்கள். நாளை காலை 9 மணிக்கு அடையாளம் காட்ட மருத்துவமனைக்குப் போகிறேன். இறுதிக் காரியங்களை நீங்கள் வரும்வரை நிறுத்திவைக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் படிவத்தில் என் மகள் பிறந்த தேதியைத் தவறாக எழுதி, அடித்துத் திருத்தினேன்.

குழந்தை நேற்றெல்லாம், “டிவில அரை மணி நேரத்துல வந்துருமே. கரடி வழியில தூங்கிடுச்சா?” என்று கேலி செய்துகொண்டிருந்தாள். இன்று காலை நான் மறுபடி குளியலறைக்குள் போய் நின்றேன். அவள் கதவைத் திறந்து பார்த்தாள். “நீதான்னு எனக்கு அப்பவே தெரியும் தாத்தா. கரடி மாதிரி பேசாம உன் குரல்லயே சொல்லு. அம்மா வருவாங்களா?” என்றாள்.

நாற்பத்தொரு ஆண்டுகள் பேசியே பிழைத்தவன் நான். அப்பா 22ஆம் தேதி, சனிக்கிழமை வருகிறார் என்று மட்டும் சொன்னேன். அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை, சனிக்கிழமை வரை எப்படியாவது ஓட்டிவிடுவேன். அதற்கு மேல் என்னால் ஆகாது. அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்; நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கப்பலிலிருந்து இறங்கும்போது அவசரப்படாதீர்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்நோக்கும்
மாமனார்