தாய்மாமன் காட்டிய அடையாளம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரித்து எழுத மனம் வரவில்லை, பொறுத்துக்கொள். பாலத்து வேலைக்குப் போன என் பிள்ளையை வெள்ளம் கொண்டுபோய் ஒரு மாதமாகிறது. பதினோராம் நாள் கரை ஒதுங்கிய உடலை அவன்தான் என்று அடையாளம் சொன்னது நீ. பெட்டியைத் திறக்கவே விடாமல் அடக்கமும் பண்ணிவிட்டாய். நேற்று போலீசார் கொடுத்த காகிதக் கட்டில் அந்த உடலின் படம் இருந்தது. அண்ணா, அது யாரோ. என் பிள்ளை ஒல்லி, அவன் அப்பாவின் நிறம். படத்தில் இருப்பவன் கன்னங்கரேலென்று ஊதிக் கிடக்கிறான். அந்தச் சுருட்டை முடி எங்கே?

உன் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

அந்தப் படத்தை உன் கையில் கொடுத்தது யார் என்று இங்கே போலீஸ் நிலையத்தில் சண்டை போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். பிணவறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் சொல்வதைக் கேள். உயிர் போனதும் ரத்தம் அடியில் இறங்கிவிடும். கீழ்ப்பக்கம் ஊதா, மேல்பக்கம் மெழுகு. உடம்பு விறைக்கும், பிறகு தளரும். வயிற்றில் பச்சை படரும், காற்று சேர்ந்து உப்பும், கண்ணும் உதடும் பிதுங்கும். தண்ணீருக்குள் மெதுவாக நடப்பது, வெளியே எடுத்ததும் கடகடவென்று நடந்து முகம் கறுத்துவிடும். ஊறிய தலையில் முடி தங்காது. பத்து நாள் போனால் பெற்றவளுக்கே முகம் தெரியாதம்மா. அதனால்தான் மூடினேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

மார்ச் 17

அண்ணா,

பெற்றவளுக்கே தெரியாது என்றால் உனக்கு எப்படித் தெரிந்தது? அன்றைக்கு வெள்ளத்தில் போனவர்கள் ஐந்து பேர், கிடைத்தது ஒரே உடல். அவன் வலது உள்ளங்கையில் தையல் தழும்பு இருந்ததே, பார்த்தாயா? மழுப்பாமல் எழுது.

தங்கை

மார்ச் 29

தங்கச்சி,

பார்க்கவில்லை. உள்ளங்கைத் தோல் கையுறை போலக் கழன்றுவிட்டிருந்தது. உயரம் ஒத்துவந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பிணவறை வாசலில், காணாமல் போன மகனின் உடல் கிடைக்காத ஒரு அம்மாள் நாலு வருஷமாக மாதம் தவறாமல் வந்து உட்காருகிறாள். நீயும் அப்படி உட்கார்ந்துவிடக் கூடாதென்று நினைத்தேன். "உங்க தங்கச்சி பையன்தானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. "எங்க வீட்டுப் பிள்ளைதான்" என்று கையெழுத்துப் போட்டேன். பரிசோதனைக்கென்று ஒரு பல் எடுத்து வைத்திருக்கிறார்கள். நீ ரத்தம் கொடுத்தால் ஒப்பிட்டுச் சொல்வார்கள். கொடு என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

அண்ணன்

ஜூன் 2

அண்ணா,

ஏப்ரலில் ரத்தம் கொடுத்தேன். முடிவு வந்துவிட்டது. என் பிள்ளைதான். நீ தெரியாமல் சொன்னது உண்மையாகிவிட்டது, நான் கண்ணால் பார்த்துச் சொன்னது பொய்யாகிவிட்டது. உன்மேல் கோபமில்லை. ஆனால் இனி எழுத வேண்டாம், எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

இருபத்து நாலு வருஷம் பார்த்த முகம். இப்போது கண்ணை மூடினால் வருவது போலீசார் கொடுத்த முகம் மட்டும்தான். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் சிரிக்கிறவனை யார் வீட்டுப் பிள்ளையோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை