தினமும் ஒரு கிண்ணம் எடமாமே

மார்ச் 4
இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் சமையலறையைக் கைப்பற்றிவிட்டார். இன்று ஒரு பை நிறையப் பச்சைக் காய். எடமாமேயாம், முற்றாத சோயா. "உடம்புக்கு வேண்டிய புரதம் முழுசா இதுல இருக்கு. நார்ச்சத்து வேற!" இத்தனை வருடம் நான் சாப்பிட்டேனா என்றுகூடக் கேட்காத மனுஷன்.

தோலோடு மென்றேன். மாடுகூட யோசித்திருக்கும். "ஐயோ, தோலைத் துப்பு, உள்ள இருக்கறதைத்தான் தின்னணும்" என்கிறார். முதலிலேயே சொன்னால் என்னவாம்?

மார்ச் 9
கொழுப்பைக் குறைக்குமாம். எலும்புக்கு நல்லதாம். ஃபோலேட் இருக்காம். குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுமா என்று கேட்டேன். இன்னும் நாலு காயை என் தட்டில் போட்டார்.

மார்ச் 15
என் தையல் கடைக்கும் டப்பா வந்துவிட்டது, ஒவ்வொன்றாக உரித்து. பட்டன் தைக்கிற பெண், "சாருக்கு உங்க மேல எவ்வளவு பாசம்க்கா!" என்றாள். பாதியை எடுத்துக்கொள் என்றேன். வயிறு சரியில்லையாம். கெட்டிக்காரி.

மார்ச் 22
இதயத்தில் செயற்கை வால்வு வைத்ததிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறேன். அது சரியாக வேலை செய்யவில்லை என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. "வால்வுல ரத்தம் கட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. புதுசா ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே ஒப்பித்துவிட்டார். அந்தக் காயில் வைட்டமின் கே அதிகம், மாத்திரையின் வேலையை அது கெடுத்துவிடும் என்றார் டாக்டர்.

ஊசி போட்டார்கள். எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம் — ஒழிந்தது சனியன்! திரும்பிப் பார்த்தால் இவர் பேயறைந்த மாதிரி நிற்கிறார். "நானே உன்னை..." என்றார். எனக்கும் பயம்தான். யாரிடம் சொல்ல?

மார்ச் 24
சமையலறைப் பக்கமே வருவதில்லை. காபி போடக்கூடப் பயம். "எதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்" என்கிறார். அட, இப்படியா ஒடுங்கிப்போவார் ஒரு மனுஷன்?

மார்ச் 29
மறுபடி டாக்டர். "காய் நல்லதுதாம்மா. திடீர்னு கூட்டறதும் குறைக்கறதும்தான் ஆகாது. ஒண்ணு, நிறுத்திடுங்க. இல்லைன்னா தினமும் ஒரே அளவு சாப்பிடுங்க, மாத்திரையை நான் அதுக்கேத்த மாதிரி மாத்தித் தரேன்."

இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்திடறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தினமும் ஒரு கிண்ணம் சாப்பிடறேன் டாக்டர். எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

பாவி நான்.

ஏப்ரல் 12
ரத்தம் சரியாகிவிட்டது. இனி ஒருநாள்கூட விடக் கூடாதாம். இவர் ஒரு தராசு வாங்கி வந்திருக்கிறார். சமையலறையில் இவர் விசிலடிக்கிற சத்தம்.